கொயினா மரத்திலிருந்து மரபணு வரை: கொங்கு நாடும் மலேரியாவும்

வால்பாறைப் பக்கம் "சின்கோனா" என்று ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலைதான். பிறகு ஏன் இந்தப் பெயர்? ஒரு காலத்தில் அங்கே அரசாங்கம் சின்கோனா மரம் வளர்த்தது. அந்த மரத்தின் பட்டையில் இருந்துதான் "கொயினா" எடுத்தார்கள். கொயினா என்று தாத்தா பாட்டி காலத்தில் சொன்னது குவினைன் என்ற கசப்பு மருந்தை. மலேரியாவுக்கு அப்போது இருந்த ஒரே மருந்து அதுதான்.

மரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. மலேரியா? அது கொங்கு நாட்டில் இருந்து ஏறக்குறைய போய்விட்டது, ஆனால் முழுவதும் போகவில்லை. தமிழ்நாடு முழுவதிலும் இப்போது ஆண்டுக்குச் சில நூறு பேருக்கே மலேரியா பதிவாகிறது. 2030க்குள் நாட்டில் இருந்தே ஒழிப்பது என்று இந்திய அரசு 2016இல் இலக்கு வைத்தது. இந்தக் கடைசிச் சில நூறைத் துடைக்க மரபணு ஆராய்ச்சி எந்த அளவுக்கு உதவும்? இதற்குப் பதில் தெரிய 160 வருடம் பின்னால் போக வேண்டும்.

கடல் கடந்து வந்த மரம்

சின்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். அங்கிருந்து விதையையும் நாற்றையும் கொண்டுவர 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் தலைமையில் ஆங்கிலேய அரசு ஆள் அனுப்பியது. மார்க்கம் நேரில் கொண்டுவந்த செடிகள் பெரும்பாலும் வழியிலேயே செத்தன. ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவரவியலாளர் ஈக்வடார் காடுகளில் சேகரித்த செம்பட்டை இனம் 1861இல் உதகமண்டலம் வந்து பிழைத்தது. உதகை தாவரவியல் பூங்காவை நடத்திவந்த மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டமாக்கினார். நடுவட்டத்தில் வேலை செய்ய மலாய்ப் பகுதியில் இருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்றும் அங்கே இருக்கிறது. பின்னாளில் சின்கோனா பயிர் ஆனைமலைக்கும் பரவியது.

மருந்து கிடைத்துவிட்டதே, நோய் ஏன் ஒழியவில்லை? விலை, கசப்பு, பற்றாக்குறை என மூன்று காரணங்கள். குவினைன் காய்ச்சலைக் குறைக்கும். நோய் எப்படி வருகிறது என்பதைச் சொல்லாது. கெட்ட காற்றால் வருகிறது என்றே பலர் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான்!

சீகூர் மலைச்சரிவில் ஒரு டாக்டர்

1897 ஏப்ரலில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர் விடுமுறையில் உதகை வந்தார். மலேரியாவுக்குக் கொசுவே காரணம் என்று சந்தேகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். உதகையில் இருந்து மாயாற்றுச் சமவெளிக்கு இறங்கும் சீகூர் மலைச்சரிவில் காய்ச்சல் அதிகம் என்று கேள்விப்பட்டு அங்கே போனார். கொசுவலைக்குள்தான் தூங்கினார். அப்படியும் அவருக்கே மலேரியா வந்துவிட்டது! அந்தப் பயணத்தில்தான் இறக்கையில் புள்ளி உள்ள, உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு கொசுவைக் கவனித்தார்.

விடுமுறை முடிந்து செகந்திராபாத் திரும்பினார். மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்த புள்ளி இறக்கைக் கொசுவை 1897 ஆகஸ்ட் 20 அன்று அறுத்துப் பார்த்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து மீதிச் சுழற்சியையும் நிரூபித்தார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது.

அன்று முதல் இது மூன்று பேர் ஆட்டம் என்று தெளிவாயிற்று. மனிதன், கொசு, ஒட்டுண்ணி. அடுத்த நூறு வருடமும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தாக்கும் முயற்சிதான்.

தோட்டக் காய்ச்சல்

அதே 1890களின் கடைசியில் ஆனைமலைக் காடுகளை வெட்டித் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். சமவெளியில் இருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர்களுக்குக் குளிர், மழை, அட்டை போதாதென்று காய்ச்சலும் காத்திருந்தது. காட்டை வெட்டினால் வெயில் படும் ஓடைகளும் தேங்கிய தண்ணீரும் கூடும். சில கொசு இனங்களுக்கு அதுவே தொட்டில். நெருக்கமான லைன் வீடுகளில் ஒருவருக்கு வந்தால் பலருக்கும் வரும். ஆனைமலையில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" என்று தமிழாக்கிய நாவலைப் படித்தவர்களுக்கு அந்தக் காலத்துச் சாவுகள் தெரியும். "பரதேசி" படத்துக்கு அடிப்படையும் அந்த நாவல்தான்.

ரத்தத்தில் எழுதிய வரலாறு

இந்த மலைகளில் மலேரியா எத்தனை காலமாக இருந்திருக்கும்? ஏட்டில் பதில் இல்லை, ரத்தத்தில் இருக்கிறது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்தபோது அரிவாள் செல் கூறு இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் இதுதான் முதல் கண்டுபிடிப்பு. இரண்டு வருடம் கழித்து ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆண்டனி ஆலிசன், இந்தக் கூறு ஒற்றைப் பிரதியாக இருந்தால் கடுமையான மலேரியாவில் இருந்து பாதுகாப்பு தருகிறது என்று காட்டினார். அப்பா, அம்மா இருவரிடம் இருந்தும் வந்து இரட்டைப் பிரதியாகிவிட்டால் அதுவே அரிவாள் செல் நோய்.

அதாவது பல நூறு தலைமுறைகளாக மலேரியா கொன்றது போக மிஞ்சியவர்களின் மரபணுவில் அந்த நோய் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டது. மலேரியா குறைந்த பிறகும் அதன் விலையை அந்தக் குழந்தைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அரிவாள் செல் நோயை ஒழிக்க 2023இல் தேசிய இயக்கம் தொடங்கியது இதனால்தான்.

டி.டி.டி. தந்த வெற்றியும் சறுக்கலும்

சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு என்று மதிப்பிட்டார்கள். 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்தார்கள், குளோரோகுவின் மாத்திரை கொடுத்தார்கள். பலன் பிரமாதம்! 1958இல் "கட்டுப்பாடு" என்ற பெயரை "ஒழிப்பு" என்று மாற்றும் அளவுக்கு நம்பிக்கை வந்தது. 1965இல் பதிவான நோயாளிகள் சுமார் 1 லட்சம், சாவு ஒன்றுகூட இல்லை.

அடுத்த 11 வருடத்தில் கதை தலைகீழ். 1976இல் 64 லட்சம் பேர்! பணத் தட்டுப்பாடு, மெத்தனம், நகரங்களைக் கவனிக்காமல் விட்டது எல்லாம் காரணம்தான். அதோடு, யார் கண்ணுக்கும் தெரியாமல் இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் 1950களின் கடைசியிலேயே தலைகாட்டின. குளோரோகுவினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி 1973இல் அஸ்ஸாமில் கண்டறியப்பட்டது. மாத்திரை கொடுத்தும் காய்ச்சல் இறங்காமல் நோயாளிகள் படுத்த பிறகுதான் மாற்றம் நடந்ததே தெரிந்தது. இந்தத் தாமதத்தின் விலை உயிர்கள்.

மரபணு ஆராய்ச்சி உள்ளே நுழைவது சரியாக இந்த ஓட்டை வழியாகத்தான்.

2002: மூன்று நூல்களும் கையில்

மனித ஜீனோமின் முதல் வரைவு 2001இல் வெளியானது. 2002 அக்டோபரில் ஒரே வாரத்தில் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் ஜீனோமும், ஆப்பிரிக்க மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் காம்பியேவின் ஜீனோமும் வெளியாயின. ராஸ் கண்ட மூன்று பேர் ஆட்டத்தில் மூன்று பேருடைய "ஜாதகமும்" கைக்கு வந்துவிட்டது. ஒட்டுண்ணியின் ஜீனோமில் 14 குரோமோசோம்கள், ஏறக்குறைய 2.3 கோடி எழுத்துகள், 5,300 போல மரபணுக்கள். 2008இல் வைவாக்ஸ் ஒட்டுண்ணி. 2014இல் இந்திய நகரங்களின் மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் ஸ்டீபன்சை.

சரி, எழுத்துகளைப் படித்து என்ன பயன்? நோய்க் கட்டுப்பாட்டில் முக்கியமாக மூன்று வேலைகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, மருந்து தோற்பதை முன்கூட்டியே காண்பது. ஆர்டிமிசினின் மருந்தின் வேகம் கம்போடியாவில் குறைவது 2008 வாக்கில் தெரிந்தது. காரணம் எந்த மரபணு? ஆய்வகத்தில் ஒட்டுண்ணியை 5 வருடம் இந்த மருந்திலேயே வளர்த்து, தாக்குப்பிடித்ததன் ஜீனோமைப் பழையதோடு ஒப்பிட்டார்கள். 2014இல் கெல்ச்-13 என்ற மரபணு மாட்டியது. இப்போது ஒரு சொட்டு ரத்தம் போதும், அந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். 2020இல் ருவாண்டாவில் இந்த மாற்றம் பரவுவது தெரிந்தது இப்படித்தான். இந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. வடகிழக்கு மாநிலங்களில் கூட்டு மருந்தின் ஒரு பாதி பலன் இழப்பதை மரபணு மாற்றங்களும் நோயாளிகளின் நிலையும் சேர்ந்து காட்டின. 2013இல் அங்கே மட்டும் மருந்தை மாற்றினார்கள்.

இரண்டாவது, பரிசோதனை அட்டை. விரல் நுனி ரத்தத்தை வைத்துக் கால் மணி நேரத்தில் கோடு காட்டும் அட்டைகள், ஃபால்சிபாரம் சுரக்கும் எச்.ஆர்.பி-2 என்ற புரதத்தைத் தேடுகின்றன. அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பெரு நாட்டில் இருப்பது 2010இல் வெளிவந்தது. நோய் இருக்கும், கோடு வராது! எரித்திரியா நாடு 2016இல் அட்டையையே மாற்ற வேண்டி வந்தது. இந்தியாவிலும் சில மாநிலங்களில் இத்தகைய ஒட்டுண்ணிகள் கண்டறியப்பட்டுள்ளன.

மூன்றாவது, கொசு. கிணறு, மாடித் தொட்டி, கட்டட வேலை நடக்கும் இடத்துத் தண்ணீர் என்று நகரத்திலேயே வாழப் பழகியது ஸ்டீபன்சை. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இது தென்பட்டது, பிறகு எத்தியோப்பியாவிலும். அங்கே பிடித்த கொசுக்களின் மரபணு தெற்காசியக் கொசுக்களோடு ஒத்துப்போனது. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று 2016 செப்டம்பரில் சான்று வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் இந்தக் கொசு கண்டுபிடிக்கப்பட்டது. நோயை விரட்டிய பிறகும் காவலை விட முடியாது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

திருப்பூர் கேள்வி

இனி கொங்கு நாட்டுக்கு வருவோம். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், கோவை பவுண்டரிகளிலும், நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் போன்ற மாநிலத்துத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். இவற்றில் மலேரியா இன்னும் அதிகம் இருக்கும் மாவட்டங்களில் இருந்து வருபவர்களும் உண்டு. ஒரு தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனையில் மலேரியா என்று தெரிந்தால் ஒரு கேள்வி எழும். இது அவர் ஊரில் இருந்து வந்த நோயா, இங்கே தொற்றிய நோயா?

இந்தக் கேள்வியை லேசாக நினைக்கக் கூடாது. "வெளியூர் நோய்" என்று எழுதிவிட்டால் அவருக்கு மருந்து கொடுப்பதோடு வேலை முடிந்தது. "உள்ளூர் நோய்" என்றால் அந்தத் தெரு முழுவதும் தொட்டி தொட்டியாக ஏறிக் கொசுப்புழு தேட வேண்டும், அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். உள்ளூர் நோயைத் தவறாக வெளியூர்க் கணக்கில் போட்டால் மாடித் தொட்டியில் இருக்கும் கொசு தப்பித்துவிடும். பழி மட்டும் தொழிலாளி தலையில் விழும். "இவர்கள் வந்துதான் நோய் வந்தது" என்ற பேச்சு கிளம்ப எத்தனை நேரம் ஆகும்? தொழிலாளி பயந்துபோய்க் காய்ச்சலை மறைக்க ஆரம்பித்தால் ஒழிப்புத் திட்டமே அங்கே நின்றுவிடும்.

வழக்கமாக இதை முடிவு செய்வது, "கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்?" என்ற விசாரணையை வைத்துத்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கிவிட்டு மறுபடி எழும். ஆறு மாதமாக ஊருக்கே போகாதவருக்கும் பழைய தொற்று திரும்பலாம். ஊரில் இருந்து போன வாரம் வந்தவருக்கும் இதற்கு முன் இங்கே இருந்தபோது கடித்த கொசுவால் நோய் வரலாம். பயணக் கணக்கு மட்டும் போதாது.

மரபணு இங்கே எப்படி உதவும்? திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், சாயப்பட்டறை லாட் மாதிரி. இரண்டு துணியும் ஒரே நீலமாகத்தான் தெரியும். ஆனால் எந்தப் பட்டறையில் எந்த லாட்டில் நனைத்தது என்பதை நுணுக்கமான நிற வித்தியாசம் காட்டிக் கொடுக்கும். ஒட்டுண்ணியின் ஜீனோமிலும் ஊருக்கு ஊர் மாறும் எழுத்துகள் உண்டு. அவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதை "மரபணுப் பார்கோடு" என்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பேருக்கு வந்த ஒட்டுண்ணியின் பார்கோடு அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், உள்ளூர்க் கொசு வேலை செய்கிறது என்று சந்தேகிக்கலாம். முற்றிலும் வேறாக இருந்தால் இரண்டும் தனித்தனியாக வந்திருக்கலாம்.

இதில் சிக்கலும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நூலகம் வேண்டும். பல நாடுகளின் விஞ்ஞானிகள் சேர்ந்து நடத்தும் மலேரியாஜென் கூட்டமைப்பு 2023இல் 20,000க்கும் மேற்பட்ட ஃபால்சிபாரம் ஜீனோம்களை வெளியிட்டது. வைவாக்சில் அந்த அளவுக்குச் சேரவில்லை. அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாது. ரத்தத்தில் எண்ணிக்கையும் குறைவு. ஒடிசா மாவட்டத்து ஒட்டுண்ணியும் தமிழ்நாட்டு ஒட்டுண்ணியும் நூலகத்தில் இல்லாவிட்டால் பார்கோடு படித்தும் பயனில்லை.

மரபணு இல்லாமலும் ஒழியும்

எல்லாவற்றுக்கும் ஜீனோம்தான் தீர்வா? இல்லை. நரம்புச் சிலந்தியைப் பாருங்கள். குடிநீரில் உள்ள நுண்ணிய பூச்சி வழியாக உடம்பில் நுழைந்து, ஒரு வருடம் கழித்துக் காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் நீளமான புழு. 1984இல் இந்தியாவின் 7 மாநிலங்களில் சுமார் 40,000 பேருக்கு இருந்தது. அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று. தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லியும், படிக்கிணறுகளை மூடியும், கைப்பம்பு போட்டும் ஒழித்தார்கள். 1996இல் ராஜஸ்தானில் கடைசி நோயாளி. 2000இல் இந்தியாவுக்குச் சான்றிதழ். ஜீனோம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் கதை வேறு மாதிரி திரும்பியது. மனிதர்களிடம் ஏறக்குறைய ஒழிந்த பிறகு 2012 முதல் நாய்களிடம் புழு வர ஆரம்பித்தது. இது நாய்க்கென்றே உள்ள வேறு புழுவா, அதே புழுவா? 2020இல் வெளியான ஜீனோம் ஆய்வு அதே புழுதான் என்று காட்டியது. நாயைக் கவனிக்காமல் மனிதனிடம் ஒழிக்க முடியாது என்பது உறுதியாயிற்று. முக்கால் கிணறு தாண்ட வடிகட்டித் துணி போதுமானதாக இருந்தது. மிச்சம் கால் கிணற்றுக்கு மரபணு தேவைப்பட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் வரலாற்றில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து டெல்லியில் கொசுக்களின் மரபியல் கட்டுப்பாட்டு ஆய்வு நடத்தின. இதன் பின்னால் அந்நிய நாட்டின் உயிரியல் போர் ஆராய்ச்சி இருக்கிறது என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்ப, 1975இல் திட்டம் மூடப்பட்டது. மக்களுக்கு விளக்கிச் சொல்லாத அறிவியல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிலைக்காது. 2015இல் ஸ்டீபன்சை கொசுவில் "ஜீன் டிரைவ்" என்ற முறையைச் சோதித்துக் காட்டினார்கள். மலேரியாவைத் தடுக்கும் மரபணுவைக் கொசுக் கூட்டம் முழுவதும் தானாகவே பரவ வைக்கும் முறை அது. ஆய்வகத்தைத் தாண்டி அப்படி ஒரு கொசு இந்தியாவில் வெளியே வர வேண்டுமானால், முதலில் ஊர் மக்களைக் கேட்டாக வேண்டும். பார்கோடு விஷயத்திலும் அப்படியே. தொழிலாளியிடம் எடுக்கும் ரத்தம் நோயைத் தேடத்தான், ஆளை ஒதுக்கி வைக்க அல்ல என்று சொல்லவும் வேண்டும், நடந்துகொள்ளவும் வேண்டும்.

முடிவாக

கொயினா மரம் வந்தது, டி.டி.டி. வந்தது, குளோரோகுவின் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது "இதோடு தீர்ந்தது" என்றுதான் நினைத்தார்கள். மரபணு ஆராய்ச்சியை அந்த வரிசையில் நான்காவது ஆயுதமாக வைப்பது சரியில்லை. அது கொசுவைக் கொல்லாது, காய்ச்சலை இறக்காது. மருந்து எங்கே தோற்கிறது, அட்டை எங்கே ஏமாறுகிறது, நோய் எங்கே தொற்றியது என்பதைச் சொல்லும். 1965க்கும் 1976க்கும் நடுவில் இந்தியாவிடம் இல்லாமல் போனது அந்தத் தகவல்தான்.

தகவல் கிடைத்த பிறகு வேலை பழைய வேலையேதான். ஏணி போட்டு மாடித் தொட்டியில் ஏறிப் பார்க்க வேண்டும், மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து அபேட் மருந்து ஊற்ற வேண்டும், கிணற்றில் கம்பூசியா மீன் விட வேண்டும், வைவாக்ஸ் நோயாளி 14 நாள் மாத்திரையையும் முழுசாகச் சாப்பிட்டாரா என்று வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். இதைச் செய்யும் சுகாதார ஊழியருக்கு எந்தத் தெருவில் முதலில் ஏற வேண்டும் என்று சொல்ல முடிந்தால், 2002இல் படித்த அந்த 2.3 கோடி எழுத்துகளுக்கும் பயன் உண்டு.